நான் பார்க்காத முதல் சூடு

பத்தொன்பது வருஷ சர்வீஸில் என் ட்வீசரிலிருந்து ஒரு பான்கூடக் கீழே விழுந்தது கிடையாது. பான் என்றால் வாணலி இல்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு அலுமினியக் கிண்ணம். அதற்குள் சில மில்லிகிராம் பொருளை வைத்து, மூடி போட்டு அழுத்தி, மெஷினுக்குள் வைத்துச் சூடாக்குவதுதான் என் உத்தியோகம். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பான் விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அறையில் என்னைத் தவிர இருந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த சர்வீஸ் என்ஜினியர் ஒருவர்தான். எங்கள் டி.எஸ்.சி. மெஷினோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த கோப்புகளையெல்லாம் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுக்க வந்திருந்தார். ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதற்காக ஏதோ ஒரு கோப்பைத் திறந்தார். திறந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மேடம், இது யாரு சாம்பிளுங்க? சூப்பரா கிரிஸ்டலைஸ் ஆயிருக்குதே."

திரும்பிப் பார்த்தேன். திரையில் தெரிந்த கோட்டில் இரண்டு சிகரங்கள் நின்றன. முதலாவது ஊசி மாதிரி, அடுத்தது கொஞ்சம் அகலமாக. கோப்பின் பெயரைப் படித்தேன். யாருடைய சாம்பிள் என்று தெரிந்தது. அந்த சாம்பிளில் ஒன்றுமே இல்லை என்று அறிக்கை கொடுத்தவளே நான்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை, அதே பெண் கொண்டுவந்த நாற்பத்து மூன்று சாம்பிளுக்கும் அப்படித்தான் கொடுத்திருந்தேன்.

இந்த மெஷின் செய்வது ரொம்ப எளிய வேலை. ஒரு பொருளைச் சீராகச் சூடாக்கிக்கொண்டே போகும். எந்த டிகிரியில் அது வெப்பத்தை உள்ளே வாங்குகிறது, எந்த டிகிரியில் வெளியே விடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இதை முதலில் வாங்கியது ரப்பர், பிளாஸ்டிக் ஆட்களுக்காக. நான் படித்ததும் அதுதான்.

பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. அச்சில் வார்த்தது, இழுத்தது, வெயிலில் போட்டது என்று தனக்கு நடந்த எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும். முதல் தடவை சூடாக்கினால் அந்தப் பழைய சங்கதியெல்லாம் கலந்து வரும். அதனால் ஒரு முறை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் சூடாக்குவார்கள். இரண்டாவது சூட்டில் வருவதுதான் பொருளின் சொந்த குணம். முதல் சூட்டைத் தள்ளிவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. பிளாஸ்டிக்குக்கு அதுதான் சரி.

நான் ஒரு படி மேலே போய், மெஷினையே அதற்குப் பழக்கிவிட்டேன். பானை வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். தானே சூடாக்கும், ஆறவிடும், மறுபடி சூடாக்கும். இரண்டாவது சூட்டின் கோட்டை மட்டும் அறிக்கையாக்கி, சாம்பிள் கொடுத்தவருக்கு மெயிலும் அனுப்பிவிடும். அந்த நேரத்தில் நான் அடுத்த சாம்பிளை நிறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளில் மற்ற இடங்களில் நடப்பதைப் போல இரண்டு பங்கு வேலை என் அறையில் நடந்தது. டைரக்டர் ஒரு கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று, பொய் சொல்வானேன்.

அறைக்குள் யாரையும் விடமாட்டேன். வாசலில் ஒரு மேஜை உண்டு. சாம்பிளையும் படிவத்தையும் அதில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கசங்கிய கவரில் கொண்டுவந்தால் திட்டு, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திட்டு. அங்கே எல்லோருக்கும் நான் சேச்சி, மலையாளத்தில் அக்கா. 'சேச்சியிடம் வாயைக் கொடுக்காதே' என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இளக்கம். தமிழ்தான் காரணம். நான் கரமனை அக்ரஹாரத்துக்காரி. அவள் பொன்முடி மலையில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவள். அவள் தமிழும் என் தமிழும் ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டிலும் மலையாளம் பாதி. ஆனாலும் எல்லோர் எதிரிலும் சேச்சி என்பவள், தனியாக இருக்கும்போது அக்கா என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பிஎச்.டி.க்கு அவள் எடுத்தது கண்ணாடி உலோகம். அலுமினியத்தையும் நிக்கலையும், நம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிற அரிய உலோகங்களையும் சேர்த்து உருக்கி, வேகமாகச் சுற்றும் செப்புச் சக்கரத்தின் மேல் ஊற்றுவாள். பட்ட கணத்தில் இறுகி, நகத்தைவிட மெல்லிய ரிப்பனாகப் பறந்து வந்து விழும். சாதாரணமாக உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசையாக உட்கார்ந்துவிடும். இங்கே உட்கார நேரமே கிடையாது. கிழக்கேகோட்டையில் ஆபீஸ் விடும் நேரத்து பஸ் மாதிரி, ஏறிய வேகத்தில் அவரவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ரிப்பனைப் பின்னால் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட டிகிரியில் அணுக்கள் சட்டென்று வரிசைக்கு வரும். அப்போது வெப்பம் வெளியே வரும். அதுதான் கோட்டில் சிகரம். சிகரம் வந்தால் அது கண்ணாடி உலோகம், வராவிட்டால் சாதாரண உலோகம். எத்தனை டிகிரியில் வருகிறது, கலவையை மாற்றினால் அது எங்கே நகர்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு தடவை வரிசைக்கு வந்துவிட்ட அணுக்கள் அதற்குப் பிறகு எத்தனை முறை சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். சிகரம் ஒரே ஒரு முறைதான் வரும். அதுவும் முதல் சூட்டில்.

இப்போது எனக்கு இதெல்லாம் தெரியும். அப்போது தெரியாதா என்று கேட்டால், தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யாராவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பேன். அவள் படிவத்தில் 'உலோகம்' என்று எழுதியிருந்தாள். ஐம்பதிலிருந்து நானூற்றைம்பது டிகிரி வரை, நிமிஷத்துக்கு இருபது என்று எழுதியிருந்தாள். எத்தனாவது சூட்டைத் தரவேண்டும் என்று கேட்க என் படிவத்தில் கட்டம் இல்லை. நான் பானை வைத்தேன், பொத்தானை அழுத்தினேன், அடுத்த சாம்பிளுக்குப் போனேன்.

அவளுக்குத் தட்டைக் கோடு போயிற்று. எக்ஸ்ரேயில் பார்த்தால் கண்ணாடி மாதிரித்தான் தெரிந்ததாம். ஆனால் மிக நுண்ணிய மணிகளாக உறைந்த உலோகமும் எக்ஸ்ரேயில் அப்படியே காட்டும், டி.எஸ்.சி. சொல்வதுதான் முடிவு என்றாராம் அவளுடைய கைடு. அவர் சொன்னதும் சரிதான். அவளை வழிநடத்திய அந்தப் பேராசிரியர் காந்தங்களில் பெரிய ஆள், என் அறைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. என் அறிக்கையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். நிக்கலைக் குறைத்தாள், கூட்டினாள். உருக்குகிற குழாயை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் ரிப்பனைப் போட்டு, லேபிள் ஒட்டி, என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தட்டைக் கோடு. ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். ஒருத்திக்கு விட்டால் ஊருக்கே விடவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இரண்டரை வருஷம் அப்படிப் போயிற்று. ஆய்வுக் குழுவின் முன்னால் அவள் இரண்டு தடவை நின்றாள். ஒரு முடிவும் இல்லை என்று இரண்டாவது தடவை ஃபெலோஷிப்பை நிறுத்தினார்கள். பதிவும் காலாவதியாயிற்று. கடைசி நாள் என் அறை வாசலுக்கு வந்து, மிச்சமிருந்த ரிப்பன் குப்பிகளை என்னிடம் கொடுத்தாள். எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு டெசிகேட்டரில், அதாவது ஈரம் புகாத மூடிய ஜாடியில், வைக்காவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும், டெசிகேட்டர் என்னிடம்தான் இருந்தது. அப்போது நான் அவளிடம் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"உனக்கு மெட்டல் கை வரல்லை, கொழந்தே. மனசுல வெச்சுக்காதே. டீச்சர் வேலைக்குப் போ."

அவள் தலையை ஆட்டினாள். தாங்க்ஸ் அக்கா என்றாள். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என்ஜினியரை இன்னொரு கோப்பைத் திறக்கச் சொன்னேன். முதல் சூட்டில் சிகரம், இரண்டாவதில் தட்டை. இன்னொன்று. அதுவும் அப்படியே. மெஷின் ஒன்றையும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மூன்று கட்டத்தையும் எழுதி பத்திரமாக வைத்திருந்தது. நான்தான் கடைசிக் கட்டத்தை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், யானைக்கும் அடி சறுக்கும் மேடம் என்றார். யானை சறுக்கினால் அடிபடுவது யானைதான். இங்கே அடிபட்டது வேறு ஆள்.

அவர் போன பிறகு டெசிகேட்டரிலிருந்து அவளுடைய குப்பி ஒன்றை எடுத்தேன். ரிப்பனிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் பானில் வைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, முதல் சூடு முடிகிறவரை ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நூற்றைம்பது, இருநூறு என்று ஏறியது. கோடு அசையவில்லை. என் தப்பாக இருக்கக்கூடாதே, கோப்பில் ஏதோ கோளாறாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் கோடு எழும்பியது. எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கியது. அப்புறம் இன்னொன்று.

எங்கள் வீட்டில் முதல் டிகாக்‌ஷனைக் கொட்டிவிட்டு இரண்டாவதில் காப்பி கலந்து கொடுத்தால் வந்தவர்கள் மறுபடி படியேற மாட்டார்கள். லேபில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதுவும் ஒழுங்காக, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.

மறுநாள் அவளுடைய கைடிடம் போய் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல கலவை, நல்ல ரிப்பன் என்று மலையாளத்தில் சொன்னார். அந்தப் பெண்ணின் பதிவு முடிந்துவிட்டது, ரிப்பனும் கோப்புகளும் லேபுடையவை, புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனிடம் இதைக் கொடுத்துவிடலாம் என்றார். எழுத்தில் எதுவும் வேண்டாம், எழுதினால் என் அறையின் அங்கீகாரத்துக்கே கேள்வி வரும் என்றார். அப்போ அவள்? என்று கேட்டேன்.

"அது போட்டே, சேச்சி," என்றார்.

போகட்டும், விடு என்று அர்த்தம். எனக்கு அப்போது வந்தது கோபமில்லை. நிம்மதி. அந்த நிம்மதியை உணர்ந்த மாத்திரத்தில் தூக்கிவாரிப் போட்டது. நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். ஆருக்குத் தெரியப் போறது, நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கணும், ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு என்றார் என் கணவர். பதினோரு நாள் நானும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போனேன், பானை வைத்தேன். ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு நகர முடியவில்லை. யாரோ ஒரு பையனின் ரப்பர் துண்டுக்குக்கூட இரண்டு சூடும் முடிகிறவரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேஜையில் சாம்பிள் குவிந்தது. சேச்சிக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய பழைய படிவத்தில் இருந்த எண்ணுக்கு முந்தின நாளே போன் செய்து, பொன்முடிக்கு வருகிறேன், வீட்டில் இருப்பாயா என்று மட்டும் கேட்டிருந்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று கோடுகளையும், முதல் சூட்டோடு, அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். ஒரு டஜன் ஏத்தம்பழமும் வாங்கிக்கொண்டேன். என்ன நினைத்து வாங்கினேனோ, யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிற மாதிரி.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குக் குடலைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். அவள் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கீழே விதுரையில் ஒரு கடையில், மற்றவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை செய்வதாகச் சொன்னாள். லயத்து வீட்டில் அவள் அம்மா பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து, தம்ளர் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

அவள் அழவில்லை. கவரை வாங்கித் தாள்களைக் கட்டிலின் மேல் பரப்பினாள். லேபிளைப் பார்க்கவில்லை, சிகரங்களை மட்டும் பார்த்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள். நிக்கல் குறைந்தது இந்தப் பக்கம், கூடியது அந்தப் பக்கம். கட்டில் போதாமல் தரையிலும் வைத்தாள். சிகரங்கள் படிப்படியாக வலது பக்கம் நகர்ந்துகொண்டே போவது எனக்கே தெரிந்தது. அரை மணி நேரம் அந்த அறையில் நான் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டல் கை வரல்லை என்று இவளிடமா சொன்னேன்!

அவள் அம்மாவுக்கு நாங்கள் பேசியது பாதி புரிந்திருக்காது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்னைக் கேட்டார்.

"அப்ப எம் புள்ள செஞ்சது சரிதானா?"

சரிதான், முதலிலிருந்தே சரிதான் என்றேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார். குடம் நிரம்பி வழிந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது வாசல் வழியாகத் தெரிந்தது.

தாள்களை அடுக்கி முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள். குழுவுக்கு எழுதித் தாருங்கள் என்றாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. அத்தனை தூரம் மலையேறி வந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. நான் வந்தது என் பாரத்தை இறக்கிவைக்க. அவளுக்கு வேண்டியது ஒரு காகிதம்.

எழுதினேன். மெஷினின் இயக்கமுறையில் ஏற்பட்ட கோளாறு காரணமாக என்று ஆரம்பித்தேன். அவள் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் ஒரு தப்பும் பண்ணலியே அக்கா. அது எல்லாம் சேத்து வெச்சிருக்கு, அல்லே? நீங்க பாக்கல. அத எழுதுங்க."

குரலில் கோபம் இல்லை. ஒரு கோட்டைப் பார்த்து டிகிரி சொல்கிற மாதிரி சொன்னாள். என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை, பேச நான் விட்டதில்லை. தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் எழுதினேன். இந்த நாற்பத்து மூன்று சாம்பிள்களின் முதல் சூட்டை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே அறிக்கை கொடுத்தேன், மாணவியின் ரிப்பனிலோ வேலையிலோ குறை இல்லை. கையெழுத்துப் போட்டேன். பேனா அவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

பஸ் வரும்வரை அவளும் கூடவே நின்றாள். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிக்கொண்டிருந்தது. ஏறப்போகிற சமயத்தில் கேட்டாள்.

"என்னோடது மட்டுந்தானா அக்கா?"

"ஆமா," என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். ஆமா என்று எதை வைத்துச் சொன்னேன்? பத்தொன்பது வருஷத்தில் என் மேஜைக்கு வந்த குப்பிகளில் எத்தனை பேர் உலோகம் என்று எழுதியிருந்தார்கள்? எத்தனை பேருடையது முதல் சூட்டில் மட்டும் பேசக்கூடிய பொருள்? இந்தப் பன்னிரண்டு நாளில் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. இப்போது அவளாகக் கேட்டும், கையெழுத்தின் மை காய்வதற்குள், மறுபடியும் பார்க்காமலே அறிக்கை கொடுத்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதென்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மலையில் சிக்னல் இல்லை. விதுரையில் பஸ் நின்றதும் அவளுக்குப் போன் செய்தேன்.

"பாக்காம சொல்லிட்டேன். பாத்துட்டுச் சொல்றேன்."

"சரி அக்கா. பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள்.

கடிதத்தைத் திங்கட்கிழமை காலை குழுவிடம் நானே கொடுத்தேன். கைடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன். அவளை மறுபதிவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்பனை வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

பழைய கோப்புகளை முதலிலிருந்து திறக்க ஆரம்பித்தேன். படிவக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரப்பர், பிளாஸ்டிக், ரப்பர். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்தேன். கண்கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் பிடித்தது. அவளோடது மட்டும் இல்லை. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவளுக்குப் போன் செய்து சொன்னேன். எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவங்ககிட்டயும் எழுதிக் குடுப்பீங்களா என்று கேட்டாள்.

ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது படிவத்தில் இருந்த முகவரி கரமனை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எட்டு வருஷத்துக்கு முன்னால், உலோகப் பொடியை மாதக்கணக்காக அரவை மெஷினில் அரைத்து அரைத்துக் கண்ணாடியாக்கப் பார்த்தவன். ஆகவே இல்லை என்று என் அறிக்கை சொன்னது. நான் திறந்து பார்த்த முதல் சூட்டில் அழகான ஒரு சிகரம் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவன் என்று தெருவில் அவனைப் பற்றிச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வருஷக்கணக்காக நான் போகிற கடைதான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்துவந்து, காகிதத்துக்காகச் சிரித்த முகத்தோடு கையை நீட்டினான்.

"எத்தனை எடுக்கணும், மாமி?"